அச்சில் இல்லாத கழித்தல் குறி

நான் கவனக்குறைவானவள். இதை நான் சொல்லவில்லை, பல்கலைக்கழகம் சொல்கிறது. அதுவும் வாய்வார்த்தையாக இல்லை. எழுத்தில், வட்ட முத்திரையோடு. என்னிடம் ஆறாம் வகுப்பில் கணக்குப் படிக்கும் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. சேர்ந்தால் அதுகள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும்.

நான்கு வருஷமாக நான் தற்காலிக டீச்சர். போன மாதம் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். "டீச்சர், உங்க பாடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா டிகிரி சர்டிபிகேட்டு வேணும்னு மேல கேக்கறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள கொண்டாந்து காட்டுங்க. இல்லேன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து வேற ஆளு." வேற ஆள் யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவருடைய மச்சினி முந்தின வாரமே என் வகுப்புக்கு வந்து, நாற்காலி ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

டிகிரிக்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி. இயற்கணிதம், இரண்டாம் தாள். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். முதல் தடவை பக்கத்தைத் திருப்பும்போது மைனஸ் மூன்றின் மைனஸ் பின்பக்கத்திலேயே தங்கிவிட்டது, வெறும் மூன்று மட்டும் முன்னால் வந்தது. இரண்டாம் தடவை கணக்கு முழுக்கச் சரி, கடைசி வரியில் விடைக்கு முன்னால் இருக்க வேண்டிய குறியைக் காணோம். இரண்டும் என் தப்புதான். யார் மேலும் பழி போடவில்லை. மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் போனால் டிகிரியே கிடையாது என்பது விதி.

என்னைப் போன்ற ஜென்மங்களுக்காகவே பல்கலைக்கழகம் 'கவனக்குறைவு ஒழிப்பு மையம்' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தது. அங்கே மூன்று நாள் பயிற்சி எடுத்தால்தான் ஹால் டிக்கெட். போனேன். வாசலில் அம்புக்குறி போட்டு 'மையத்துக்கு வழி' என்று எழுதியிருந்தார்கள். அம்பு காட்டிய திசையில் கழிவறை இருந்தது. என்னோடு சேர்த்துப் பதினாறு பேர் அங்கேதான் கூடினோம்.

மைய இயக்குநர் முதல் நாள் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"பிழைங்கறது கணக்குல இல்ல. கணக்கு போடறவங்ககிட்ட இருக்கு. எந்தப் பிழையா இருந்தாலும் சரி, அது உங்களோடதுதான். இத மனசுல ஆழமாப் பதிச்சுக்குங்க. இருபத்தாறு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். கடைசிப் பதினெட்டு வருஷத்துல ஒரே ஒரு பிழைகூடச் செஞ்சதில்ல. எப்படின்னு கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கணக்கு போடறதையே நிறுத்திட்டேன். பதவி உயர்வு வந்த அன்னிக்கே. மனுஷன் வளர வளரப் பிழைக்கு இடமில்லாத வேலைக்குப் போயிரணும்."

கைத்தட்டல் வரும் என்று கொஞ்சம் நிறுத்தினார். பின்வரிசையில் ஒருவர் தும்மினார், அதையே எடுத்துக்கொண்டு மேலே பேசினார்.

பிறகு ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். அட்டையில் 'பதினோரு பொன்விதிகள்' என்று இருந்தது. உள்ளே பன்னிரண்டு விதிகள். கூடவே ஒரு திருத்தச் சீட்டும் ஒட்டியிருந்தது: 'அட்டையில் பதினோரு என்பதைப் பத்து என்று திருத்தி வாசிக்கவும்.' நான் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பிழை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று இப்போதுதானே சொல்லியிருந்தார்கள்.

விதிகளைக் கேளுங்கள். கழித்தல் குறியைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். எழுதுவதற்கு முன் பேனாவைக் கீழே வைத்து, ஒரு மூச்சு இழுத்து, 'கழிக்கிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். சமக்குறியின் இரண்டு கோடுகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அதற்குச் சின்ன ஸ்கேல் மையமே கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு வரிக்கும் ஒரு படிவம். அதில் நான்கு கேள்வி: என்ன எழுதினீர்கள்? அது சரியா? சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியும் என்பது எப்படித் தெரியும்?

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கூரியர் வேலை பார்ப்பவர், பெரிய பையோடு அப்படியே வேலையிலிருந்து வந்திருந்தார். அவர் கையைத் தூக்கினார்.

"சார், பரீட்சை மூணு மணி நேரம். படிவமே ரெண்டரை மணி நேரம் ஆவும் போல இருக்கே. கணக்கு எப்ப சார் போடறது?"

"மீதி நேரத்துல" என்றார் இயக்குநர்.

"இன்னொண்ணு சார். நான் கவனக்குறைவுல பெயிலாகல. எனக்கு நிஜமாவே கணக்கு தெரியாது."

இயக்குநர் முகத்தில் பரிவு வந்தது. "தெரியாதுன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது தம்பி. எல்லாம் கவனக்குறைவுதான். தெரியாதுன்னு ஒத்துக்கிட்டா நாங்க சொல்லிக்குடுக்கணும். அதுக்கு இங்க ஆளில்ல."

இரண்டாம் நாள் ஜோடி ஜோடியாக நிறுத்தி, வாழ்க்கையில் செய்த கவனக்குறைவுகளை ஒருவர் மற்றவரிடம் ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். கூரியர்காரர் என்னிடம், இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான் என்றார். மூன்றாம் நாள் கையை நீட்டி உறுதிமொழி. உறுதிமொழித் தாளில் ஒரு வரி இரண்டு தடவை அச்சாகியிருந்தது. பதினாறு பேரும் அதை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னோம்.

வீட்டில் நான் சமக்குறிக்கு ஸ்கேல் வைத்துப் பழகிக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வயரிங் வேலை செய்கிறவர்.

"என்ன இது, கோலமா போடற?"

"சமக்குறிங்க. ரெண்டு கோடும் ஒரே நீளம் இருக்கணுமாம்."

"நல்லாருக்கு போ. நான் வயர மாத்திப் புடிச்சா படிவம் நிரப்ப ஆள் இருக்க மாட்டான். நான் ஒண்ணே ஒண்ணுதான் பண்ணுவேன். மாட்டினதுக்கப்புறம் டெஸ்டர வெச்சுப் பாப்பேன். எரிஞ்சா எரியுது, எரியலேன்னா எரியல. அதுகிட்டப் போயி நீ எப்படி எரியறேன்னு கேக்க மாட்டேன்."

"உங்களுக்கென்ன, மாசக் கடைசிக்குள்ள சர்டிபிகேட்டு வேணும்னு உங்கள யாரும் கேக்கல" என்றேன். சொன்ன பிறகு அழுகை வந்தது. அவர் என் மேஜை விளக்கின் பல்பை மாற்றிவிட்டுப் போனார்.

பரீட்சை நாள் வந்தது. ஆறு கணக்கு போட்டுவிட்டு ஏழாவதுக்கு வந்தேன். பத்து மதிப்பெண். 'கீழ்க்காணும் அணியின் நேர்மாறு காண்க.' அணி என்றால் வேறொன்றுமில்லை, எண்களை வரிசை வரிசையாகக் கட்டத்தில் எழுதியிருப்பது. முதல் வரி ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாம் வரி நான்கு, ஐந்து, ஆறு. மூன்றாம் வரி ஏழு, எட்டு, ஒன்பது. என் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்லும் எண்கள். நேர்மாறு காண்பதற்கு முன் ஒரு பெருக்கல் கழித்தல் செய்து ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண் பூஜ்ஜியமாக வந்தால் அந்த அணிக்கு நேர்மாறே கிடையாது, கதை முடிந்தது.

எனக்குப் பூஜ்ஜியம் வந்தது.

பேனாவைக் கீழே வைத்தேன், மூச்சிழுத்தேன், 'கழிக்கிறேன்' என்று சொன்னேன், மறுபடி போட்டேன். பூஜ்ஜியம். நெடுக்காகப் போட்டேன். பூஜ்ஜியம். குறுக்காகப் போட்டேன். அதே பூஜ்ஜியம். எந்தப் பிழையானாலும் அது உங்களுடையதுதான் என்ற குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து நிமிஷம் என் பிழையைத் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் படிவத்தை எல்லாம் நகர்த்தி வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். முதல் வரியையும் மூன்றாம் வரியையும் கூட்டினால் நடுவரியின் இரண்டு மடங்கு. ஒன்றும் ஏழும் எட்டு, நாலிரண்டு எட்டு. இரண்டும் எட்டும் பத்து, ஐயிரண்டு பத்து. மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு, ஆறிரண்டு பன்னிரண்டு. இப்படிப்பட்ட அணிக்கு நேர்மாறு இருக்கவே முடியாது. தப்பு கேள்வியில் இருக்கிறது!

அறைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"மேடம், ஏழாவது கேள்வி தப்பு."

"கேள்வியில தப்பு இருந்தா எழுத ஒரு படிவம் இருக்கணுமே" என்று படிவக் கட்டைப் புரட்டினார். "இல்ல பாருங்க. அப்ப தப்பு இல்லேன்னுதான் அர்த்தம்."

'இந்த அணிக்கு நேர்மாறு இல்லை' என்று எழுதி, காரணத்தையும் எழுதி, கழித்தல் குறிகளுக்கு வட்டமும் போட்டுவிட்டு வந்தேன்.

இருபத்திரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. முப்பத்தாறு. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். பக்கத்தில் வட்ட முத்திரை: கவனக்குறைவு.

தேதி இருபத்தெட்டு. அன்றைக்கே மேல்முறையீடு எழுதி நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் மாலை மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். நடையில் கூரியர்காரர் எதிரே வந்தார், முகமெல்லாம் பல்.

"பாஸ் டீச்சர்! நாப்பத்தொண்ணு! அந்த ஏழாவது கேள்விதான் காப்பாத்துச்சு, பத்துக்குப் பத்து."

"அதுக்கு விடையே இல்லையே. என்ன எழுதினீங்க?"

"போன வருஷ விடைய. அதே கேள்விதானே? கடைசி ஒம்பதுக்கு முன்னாடி ஒரு மைனஸ் இருந்துச்சு, இந்த வருஷம் அதக் காணோம். அச்சுல உதிர்ந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டு மனப்பாடமா இருந்தத அப்படியே எழுதிட்டேன். எல்லாரும் அதத்தான் எழுதினாங்க. நீங்க என்ன, போட்டா பாத்தீங்க?"

ஆமாம், போட்டுத்தான் பார்த்தேன். அதுதான் நான் செய்த குற்றம்.

மேல்முறையீட்டுக் குழுவில் ஆறு பேர். நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், நடுவில் இயக்குநர். சுவரோரம் பியூன் டீத் தட்டோடு நின்றார். நான் ஏழாவது கேள்வியை எடுத்துச் சொன்னேன். யாரும் வினாத்தாளைப் பார்க்கவில்லை. இயக்குநர் ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"இது வினாத்தாள் சரிபார்ப்புச் சான்றிதழ். ஏழு கையெழுத்து. ஏழு நிலையில சரிபார்த்த வினாத்தாள்ல பிழை இருக்குன்னு ஒரு ஆறாங்கிளாஸ் டீச்சர் சொல்றீங்க."

"சார், இதுல யாரு கணக்கப் போட்டுப் பாத்தது?"

ஏழாவது கையெழுத்து இயக்குநருடையது. "ஆறு பேர் போட்டிருந்தாங்க, அதச் சரிபார்த்துட்டுத்தான் நான் போட்டேன்" என்றார். ஆறாமவர் ஐந்து பேர் போட்டிருந்ததைச் சரிபார்த்திருந்தார். ஐந்தாமவர் நான்கு. இப்படியே இறங்கி இரண்டாமவரிடம் வந்து நின்றது. தாடி வைத்த பேராசிரியர் அவர். "எனக்கு முன்னால ஒரு கையெழுத்து தெளிவா இருந்துச்சு" என்றார்.

"முதல் கையெழுத்து யாரோடது?"

மேஜையில் இருந்தவர்கள் ஆறு பேர், தாளில் கையெழுத்து ஏழு. காகிதம் ஒரு சுற்று சுற்றி வந்தது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"அது என்னோடதுங்க" என்றார் சுவரோரம் நின்ற பியூன். "பிரஸ்ஸுலேர்ந்து கட்டு வந்து சேந்துச்சுன்னு போட்டேன். எப்பவும் போடறதுதான்."

இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

"ஆக, முதல் நிலைச் சரிபார்ப்பு வழக்கப்படியே நடந்திருக்கு" என்றார்.

எனக்கு வந்த சிரிப்பை இருமலாக்கினேன்.

"அதுமட்டுமில்ல" என்று தொடர்ந்தார். "இருநூத்திப் பதினஞ்சு பேர் எழுதினாங்க. இருநூத்திப் பதினாலு பேருக்கு விடை வந்திருக்கு. விடை வந்துச்சுன்னா விடை இருக்குன்னுதானே அர்த்தம்? அங்க ஒரு கழித்தல் குறி இருக்கணும்னு அத்தனை பேருக்கும் தோணியிருக்கு. உங்களுக்கு மட்டும் தோணல. அச்சில் இல்லாத குறியைக் கவனிக்கத் தவறியிருக்கீங்க. இதுக்கு மேல கவனக்குறைவுன்னா என்னன்னு எனக்குத் தெரியல." தாடிப் பேராசிரியர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இருக்கிறதைப் பார்க்காததற்காக இரண்டு தடவை பெயில், இல்லாததைப் பார்க்காததற்காக மூன்றாம் தடவை. இவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று எழுந்தேன். அப்போதுதான் மேஜையில் கிடந்த என் விடைத்தாளின் முன்பக்கம் கண்ணில் பட்டது. பத்துக் கேள்விக்கும் போட்ட மதிப்பெண்கள் கட்டத்தில் இருந்தன. ஆறு, நான்கு, ஏழு, ஐந்து, எட்டு, மூன்று, பூஜ்ஜியம், ஆறு, ஐந்து, இரண்டு. டீச்சர் புத்தி, எண்களைக் கண்டால் தானாகக் கூட்டிவிடும்.

"சார்" என்றேன். "இதக் கூட்டினா நாப்பத்தாறு வருது. நீங்க முப்பத்தாறு போட்டிருக்கீங்க. ஒரு பத்து விட்டுப் போச்சு. நான் பாஸ் சார்!"

"அப்படியா?"

"கூட்டிப் பாருங்க சார்."

"நாங்க இங்க கணக்கு போட வரலம்மா" என்றார் இயக்குநர். நல்ல வேளையாக, மொத்தத் திருத்தத்துக்குப் படிவம் ஒன்று இருந்தது. அதில் ஏழு கையெழுத்துக்கு இடம். படிவம் தாடிப் பேராசிரியரிடம் போனது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"முதல் கையெழுத்து இல்லாம ரெண்டாவது எப்படிம்மா போடறது?"

மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டிவிடுவார்கள், மறுநாள்தான் கடைசி வேலை நாள். நான் பியூனிடம் திரும்பினேன்.

"அண்ணே, நீங்க போடுங்கண்ணே. உங்க கையெழுத்துதான் இங்க செல்லும்."

அவர் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார். படிவத்தை வாங்கினார். அதில் கையெழுத்துப் போடாமல் விடைத்தாளை இழுத்துக்கொண்டார்.

"இருங்கம்மா, கட்டு வந்துச்சுன்னா கட்டப் பாத்துட்டுத்தான் போடுவேன். கூட்டலுன்னா கூட்ட வேணாமா?"

விரலை ஒவ்வொரு எண்ணாக நகர்த்தி, உதடு அசைய, மேலிருந்து கீழே வந்தார். பிறகு கீழிருந்து மேலே போனார். ஆறு பேராசிரியர்களும் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

"மேலேர்ந்து வந்தாலும் நாப்பத்தாறு, கீழேர்ந்து போனாலும் நாப்பத்தாறு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு மற்ற ஆறு கையெழுத்தும் ஒரு நிமிஷத்தில் விழுந்தன. "பாத்தீங்களா, அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு!" என்றார் இயக்குநர்.

படிவத்தின் கடைசி வரி எனக்கானது. 'மேற்கண்ட தவறு எனது கவனக்குறைவால் நேர்ந்தது. இனி நேராது என உறுதி கூறுகிறேன். மாணவர் கையொப்பம்.'

"சார், கூட்டினது நான் இல்லியே?"

"அந்தப் படிவத்துல வேற காரணத்துக்கு இடமில்லம்மா. வேணாம்னா புதுப் படிவம் அச்சடிக்க ஆறு மாசம் ஆவும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்து அவர் தண்ணீர் பாட்டிலுக்குள் திணிக்க வேண்டும் போல இருந்தது. மச்சினி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷமாக இருக்கிறதே என்று இன்னும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டுபோய்த் தாளாளர் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மச்சினிக்கு வேறு இடம் பார்க்கிறேன் என்றார், ஏதோ நான் அவளை வேலையைவிட்டுத் தூக்கியதுபோல.

அடுத்த வாரம் வகுப்பில் மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்தேன். மூன்றாவது பெஞ்சுப் பெண் ஒருத்தி, வாயே திறக்காதவள், தாளை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"டீச்சர், மொத்தம் பதினேழுன்னு போட்டிருக்கீங்க. எனக்குப் பத்தொம்பது வருது."

நான் வருகைப் பதிவேட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீதான் எங்கயாவது தப்பு பண்ணியிருப்ப. போயி நல்லாப் பாரு."

அவள் பெஞ்சுக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தேன். தாளின் மேல் குனிந்து, தன்னுடைய சரியான விடைகளை ஒவ்வொன்றாக அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அழிக்காதடீ!" என்று கத்திக்கொண்டே அவளிடம் ஓடினேன்.